கடலடியில் களை பறித்தவள்

வடகால்மங்கலம்,
நன்னிலம் வட்டம்.
3-7-2012

திரு. அய்யாக்கண்ணு அவர்களுக்கு,

இங்கு நானும் ஒரு பசுமாடும் நலம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அதற்கு யார் காரணம் என்று உமக்கே தெரியும்.

என் மகள் மலர்கொடியை நீர் பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றி அந்தமானுக்கு அழைத்துப் போய் நான்கு வருஷம் ஆகிறது. உம்மோடு பேசுவதில்லை என்று அன்றைக்கே நான் சபதம் செய்தது ஊரறிந்த விஷயம். எழுதுவதில்லை என்று அந்தச் சபதத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று தபாலில் ஒரு போட்டோ வந்தது. என் மனைவி சௌந்தரநாயகி அனுப்பியது. கவரைச் சரியாக ஒட்டவில்லை. ஆகையால் எனக்கு முன்னால் தபால்காரர் பார்த்தார், டீக்கடை ரெங்கசாமி பார்த்தான், டீக்கடையில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேர் பார்த்தார்கள், கடைசியில்தான் என் கைக்கு வந்தது. கடலுக்கு அடியில் ஒருத்தி நிற்கிறாள். தலையில் அண்டா மாதிரி ஒன்றைக் கவிழ்த்திருக்கிறார்கள். அண்டாவின் முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது என் மனைவி. சுற்றிலும் மஞ்சள் மீன்கள். கீழே பார்த்தால் கால்சட்டை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளைச் சேலையில்லாமல் வேறு உடுப்பில் நான் பார்த்தது கிடையாது.

அங்கே இருந்த என் தம்பி ரெத்தினம் என்னோடு பேசுவதில்லை. அதனால் பெஞ்சைப் பார்த்துச் சொன்னான்: “அண்ணனுக்குப் பயந்து அண்ணி எவ்வளவு தூரம் போயிட்டாங்க பாரு.” பெஞ்சு முழுவதும் சிரித்தது.

அவளுக்கு நீச்சல் தெரியாது. முடிகொண்டான் ஆற்றில் கணுக்கால் நனைந்தாலே மாரியம்மனைக் கூப்பிடுகிறவள். அவளை எந்தத் தைரியத்தில் நடுக்கடலில் இறக்கினீர்? இங்கே மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. வாய்க்காலில் ஆடு மேய்கிறது. டெல்டாவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி தலைக்கு மேல் இருபதடி தண்ணீரை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சித்திரையில் போனவள், இப்போது நான் அங்கே வந்து உங்கள் வீட்டில் ஒரு வேளையாவது கைநனைத்தால்தான் ஊர் திரும்புவேன் என்கிறாளாம். அது நடக்காது. உம்மைப் பார்க்க விருப்பமில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். ரெத்தினத்தின் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது. நான் ஒரு நாள் ஊரில் இல்லையென்றால், அண்டை வெட்டி வரப்பை ஒழுங்கு செய்கிறேன் என்று மண்வெட்டியோடு வந்து ஒரு சாண் சீவிவிடுவான். நானும் சும்மா இருப்பதில்லை, அது வேறு விஷயம். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்த வரப்பில் இப்போது கொக்கு மட்டும்தான் நடக்கிறது. அதை விட்டுவிட்டு நான் கப்பல் ஏற முடியாது.

என் மனைவியை உடனே கரையேற்றி அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
சி. காயாரோகணம்
(முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர்)


போர்ட் பிளேர்,
21-7-2012

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அய்யாக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. அத்தையும் மலரும் சுகம். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முழுவதும் திட்டுத்தான். ஆனாலும் நான்கு வருஷத்தில் உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் எழுத்து. மலர் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிட்டாள்.

நான் செய்யும் வேலையைப் பற்றி உங்களிடம் யாரும் விவரமாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் முதுகில் சிலிண்டரோடு ஆழக்கடலுக்குப் போவார்கள். நான் அதைப் படித்தவன். ஆனால் இங்கே விடுமுறைக்கு வருகிறவர்கள் டீச்சர்கள், பேங்க் ஆபீசர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். சான்றிதழை விடுங்கள், பாதிப் பேருக்குக் குளத்தில் இறங்கியே பழக்கம் இருக்காது. அவர்களுக்காகத்தான் இந்தக் கடல்நடை. நீங்கள் அண்டா என்று எழுதியது ஹெல்மெட். படகிலிருந்து குழாய் வழியாக அதற்குள் காற்று வந்துகொண்டே இருக்கும். டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அழுத்தினால் உள்ளே தண்ணீர் ஏறாதல்லவா, அதே கணக்குத்தான். ஏணியில் இறங்கி, கடலடியில் கட்டியிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிஷம் மீன்களைப் பார்த்து நடந்துவிட்டு ஏறிவிடலாம். அத்தை அன்றைக்கு வைத்திருந்த மல்லிகைச் சரம் மேலே வந்த பிறகும் வாடாமல் இருந்தது.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்தது. அந்த ஹெல்மெட் அடியில் திறந்திருக்கும். அதனால் கீழே போனதும் குனியவே கூடாது, நிமிர்ந்தே நடக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லித்தான் இறக்கினேன். அத்தை தலையாட்டினார்கள். கீழே போய்ப் பத்தடி நடந்திருப்பார்கள். பவளத்துக்குப் பக்கத்தில் மணலில் கடல்புல் முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் கம்பியை விட்டார்கள், குனிந்தார்கள், இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹெல்மெட் சாய்ந்து தண்ணீர் மூக்குவரை ஏறிவிட்டது. நான் பாய்ந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அதற்குள் இரண்டு கைப்பிடி ஆகியிருந்தது.

மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் இருமிக்கொண்டே சொன்ன முதல் வார்த்தை இது: “மாப்புள, அங்க கோரை மண்டிக் கெடக்கு. நாலு ஆள விட்டா ஒரே நாள்ல சுத்தமாயிடும்.” கடலில் எதையும் பறிக்கக் கூடாது, அது சட்டம் என்று சொன்னேன். “களைய விட்டு வைக்கச் சொல்ற சட்டம் என்ன சட்டம்?” என்று கேட்டார்கள்.

இறங்குவதற்கு முன் ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். அதில் பொறுப்பாளர் பெயர், உறவு என்று ஓர் இடம் உண்டு. என் பெயரை எழுதிவிட்டு, உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று தயங்கினேன். “மருமகன்னு போடுங்க, நான் பாத்துக்குறேன்” என்றார்கள். போட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.

அத்தையை அனுப்ப நான் யார்? அவர்களே உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

பணிவுடன்,
அய்யாக்கண்ணு


வடகால்மங்கலம்,
10-8-2012

திரு. அய்யாக்கண்ணுவுக்கு,

உம் கடிதம் கிடைத்தது. களை பறித்ததில் என் மனைவி மேல் குற்றம் இல்லை. அவள் இறங்கிய வயலில் கோரை இரண்டாம் முறை தலைகாட்டியதாகச் சரித்திரம் கிடையாது. குனியாதே என்று ஒரு விவசாயி வீட்டுப் பெண்ணிடம் சொல்லலாமா? அவளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். தோளைப் பிடித்து நிமிர்த்தியதற்கு நன்றி. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

படிவத்தில் உறவு என்ற இடத்தில் நீர் எழுதிய சொல்லை ஆட்சேபிக்கிறேன். என்னைக் கேட்காமல் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பட்டா மாற்றத்துக்கே முப்பது நாள் நோட்டீஸ் உண்டு.

இங்கே சாப்பாடு சரியில்லை. ஊருக்கெல்லாம் சர்க்கார் இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தார்கள். நான் உதயசூரியன்காரன். இரட்டை இலை ஆட்சியில் வந்த மிக்சியில் சட்னி அரைப்பதா என்று பதினெட்டு நாள் பெட்டியைப் பிரிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் வாய் கேட்கவில்லை, பிரித்துவிட்டேன். கரண்டு இல்லை. எங்கள் ஆட்சியில் வந்த டிவியும் அவர்கள் ஆட்சியில் வந்த மிக்சியும் இப்போது ஒன்றுக்கொன்று துணையாக அலமாரியில் இருக்கின்றன.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்த அண்டாவுக்குள் மூச்சு முட்டாதா? மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதோடு இறங்கலாமா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை விடுவீர்களா? காது வலிக்குமாமே? எனக்காகக் கேட்கவில்லை. ரெங்கசாமிதான் டீ ஆற்றும்போதெல்லாம் தொந்தரவு செய்கிறான்.

சி. காயாரோகணம்


போர்ட் பிளேர்,
30-8-2012

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

ரெங்கசாமி அண்ணனிடம் சொல்லுங்கள். மூச்சு முட்டாது. மூக்குக்கண்ணாடியோடு தாராளமாக இறங்கலாம். பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் விடுவோம். இறங்கும்போது காது கொஞ்சம் அடைக்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் கையை விட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் திறந்துவிடும். அண்ணனுக்கு வேறு சந்தேகம் இருந்தாலும் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு மாற்றம். ஏணி வரை வந்துவிட்டுப் பயந்து திரும்புகிறவர்கள் எங்களுக்குத் தினமும் பத்துப் பேராவது உண்டு. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று மொத்தமாகத் திரும்பிப் போகப் பார்த்தது. எனக்குச் சோறு கொண்டுவந்த அத்தை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான் நன்னிலத்துலேருந்து வர்றேன். தண்ணின்னா எனக்கு உசுரு போவும். நானே போயி களை பறிச்சிட்டு வந்துட்டேன், உங்களுக்கு என்ன?” என்றார்கள். பன்னிரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். முதலாளி அசந்துபோய், தினமும் காலையில் அத்தை படகுத்துறைக்கு வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வாசலில் இருக்கும் பெரிய விளம்பரப் பலகையில் இப்போது அத்தையின் படம். நீங்கள் பார்த்த அதே படம்தான். கோபப்படாதீர்கள்.

எனக்கே சில சமயம் கவலையாக இருக்கிறது மாமா. அத்தைக்கு இந்த ஊர் பிடித்துப்போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்து, “இந்நேரம் நாத்து விட்டுருப்பாரு” என்று சொல்லாத நாள் இல்லை.

என்னைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். எங்கள் அப்பாவைச் சுனாமி கொண்டுபோன பிறகு, நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த விசைப்படகுகளைக் கட்டித் தூக்கும் வேலைக்குப் போனேன். அங்கேதான் முக்குளிக்கப் பழகினேன். காலில் கம்பி கிழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது தையல் போட்ட நர்ஸ் மலர். எங்கள் கல்யாணத்துக்கு என் பக்கம் எங்கள் அம்மா எல்லையம்மாள் மட்டும் வந்தார்கள். மலர் பக்கம் யாரும் இல்லை. பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க ஆள் இல்லாததைப் பார்த்து, பதிவாளர் அலுவலகப் பியூன், நல்ல மனிதர், “நான் குடுக்கவா?” என்று கேட்டார். மலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “அதுக்கு எங்க அப்பா இருக்காரு” என்றாள்.

இதை நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

பணிவுடன்,
அய்யாக்கண்ணு


வடகால்மங்கலம்,
2-11-2012

தம்பி அய்யாக்கண்ணுவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தப் பியூன் வந்து முன்னால் நின்றுவிடுகிறான். அதனால் எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

இங்கு நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி பிறந்த பிறகு தண்ணீர் வந்தது. சம்பா நட்டோம். நட்டுப் பத்து நாள் ஆகவில்லை, ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். பூமிக்கடியில் வாயு இருக்கிறதாம். குழாய் இறக்கி உறிஞ்சப் போகிறார்களாம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பூட்ஸ் காலோடு பயிரில் இறங்கி ஒரு கல்லை நட்டார்கள். சரியாக எங்கள் வரப்பின் மேல். கொக்குக்கே இடம் போதாத வரப்பில் கல்லுக்கு ஏது இடம்? இரண்டு பக்கமும் பயிரைச் சாய்த்துவிட்டு நட்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். அந்தப் பக்கத்திலிருந்து ரெத்தினமும் ஓடி வந்தான். வந்தவர்களில் ஒருவன் நோட்டைப் பிரித்து, “இது யாரோட வரப்பு?” என்று கேட்டான். பதினோரு வருஷமாகத் தாசில்தார், ஆர்.டி.ஓ., முன்சீப் கோர்ட்டு என்று நாங்கள் இரண்டு பேரும் அலைந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். “எங்களோடது” என்றேன். அதே நேரத்தில் ரெத்தினமும் “எங்களோடது” என்றான். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் கூடவும் ஜீப் போய்விட்டது. ரெத்தினம் கல்லை ஆட்டிப் பார்த்தான். வரவில்லை. “அந்தப் பக்கம் புடி” என்றான். பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. பிடித்தேன். இப்போது அந்தக் கல்லில் அவன் மனைவி அம்சம் துணி துவைக்கிறாள். நல்ல கல். வாயு எடுக்கக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் போட்டோம். அவன் கட்சிக் கொடியையும் என் கட்சிக் கொடியையும் ஒரே பந்தல்காலில் கட்டியிருந்தார்கள். பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து வரப்பில் மண் ஏற்றினோம். இப்போது ஆள் நடக்கலாம்.

ஆகவே, வரப்பைச் சொல்லி இனி நான் தப்பிக்க முடியாது. ரெத்தினமே, “நீ போயி அண்ணியக் கூட்டிக்கிட்டு வா, வரப்ப நான் பாத்துக்குறேன்” என்கிறான். வரப்பை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டுமோ அவனே காவல் இருக்கிறேன் என்றால் நான் என்ன செய்வது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடை ரெங்கசாமி எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. பதினோரு வயதில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் வழுக்கிப் போய்விட்டேன். ஒன்பது வயது ரெத்தினம்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். அதிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் உதறும். துணைத் தலைவர் ஆற்றில் குளிப்பது கௌரவக் குறைவு என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நினைக்க விட்டுவிட்டேன். சண்டையில் ரெத்தினம் என்னை என்னென்னவோ பேசியிருக்கிறான். இதை மட்டும் ஒரு தடவைகூட வெளியில் விடவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

என் மகளைக் கடலில் மூழ்குகிறவனுக்கா கொடுப்பது என்று நான் குதித்தபோது எல்லாரும் சாதியை நினைத்தார்கள். அதுவும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ராத்திரியெல்லாம் என் கண்ணில் நின்றது தண்ணீர்தான்.

இந்த வருஷம் நம் வயலில் களை பறிக்க அவள் இல்லை. ஆள் விட்டுப் பறித்தேன். அவள் பறித்த மாதிரி இல்லை. வீடும் நன்றாக இல்லை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

காயாரோகணம்


போர்ட் பிளேர்,
20-11-2012

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிகளை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். “அவர் வரட்டும், வந்தாத்தான் கெளம்புவேன், ஆனா அடுக்கி வைக்கிறதுல என்ன?” என்கிறார்கள். மலர் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கேட்டால் வெங்காயம் என்றாள். அன்றைக்குப் பாயசம்.

சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாள். பயமாக இருந்தால் விமானம் இரண்டே மணி நேரம். ஆனால் அதற்குக் கீழேயும் கடல்தான் மாமா, மறைக்க விரும்பவில்லை. இங்கே வந்தால் நீங்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் தண்ணீரில் இறங்கச் சொல்ல மாட்டோம்.

எதற்கும் இருக்கட்டும் என்று, நம் ஊர்க்காரர்களுக்காக நான் தமிழில் எழுதி வைத்திருக்கும் படிவம் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். இஷ்டமில்லையென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். பயப்படுகிறவர்களை நானே கையைப் பிடித்து இறக்குவேன். மேலே ஏறும்வரை விட மாட்டேன். இதுவரை ஒருவரையும் விட்டதில்லை.

உங்கள்
அய்யாக்கண்ணு


வடகால்மங்கலம்,
14-12-2012

தம்பிக்கு,

பொங்கல் கழிந்து கிளம்பும் கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அறுப்பு மாசியில்தான். அதற்குள் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். வயலை ரெத்தினம் பார்த்துக்கொள்வான். மலருக்குப் போன வருஷத்துச் சம்பா அரிசியும், ரெத்தினம் வீட்டு முருங்கைக்காயும் கொண்டுவருகிறேன். அந்த மிக்சியையும் கட்டி எடுத்து வருகிறேன், அங்கேயாவது கரண்டு இருக்குமே. என் மனைவியின் படம் போட்ட பலகையை நான் வரும்வரை கழற்ற வேண்டாம். ரெத்தினத்திடம் காட்ட ஒரு போட்டோ எடுக்க வேண்டும்.

படிவத்தைக் கிழிக்கவில்லை. பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பெயர்: சி. காயாரோகணம்.

வயது: பள்ளிக்கூடச் சான்றிதழ்படி அறுபத்து மூன்று.

தொழில்: விவசாயம். தண்ணீர் விட்டால்.

நீச்சல் தெரியுமா: தெரியாது. இந்தத் தாளை நன்னிலம் ஆட்கள் யார் வந்தாலும் காட்ட வேண்டாம்.

நோய்கள்: பிரஷர் உண்டு. டாக்டர் சர்டிபிகேட் இணைத்துள்ளேன். எங்கே போகிறேன் என்று சொன்னதும் இரண்டாம் தடவை பார்த்தார், முதல் தடவையைவிட ஏறியிருந்தது. முதலில் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

கீழே குனியக் கூடாது என்ற விதியை அறிவீரா: அறிவேன். கோரையைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி வருவேன்.

பொறுப்பாளர் பெயர்: அய்யாக்கண்ணு.

உறவு: மருமகன். இந்த முறை ஆட்சேபணை இல்லை.

இறங்கும்போது பொறுப்பாளரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமா: சம்மதம். என் மகள் கையைப் பிடித்து உங்கள் கையில் கொடுக்க வேண்டிய நாளில் நான் வரவில்லை. அங்கே வந்ததும், ஏணிக்குப் போவதற்கு முன்னால், முதலில் அதைச் செய்துவிடுகிறேன். அப்புறம் என் கையைத் தருகிறேன். விட்டுடாதீங்க மாப்பிள்ளை.

கையொப்பம்:
உங்கள் மாமா,
காயாரோகணம்